தூரத்துக் கண்ணும் பக்கத்துக் கையும் – ஐ.சி.யு.வை எட்ட இருந்து பார்த்த கதை



இந்த முறை கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

போன வருடம் தாத்தாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். பக்கத்து ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யு.வில் சேர்த்தோம். சின்ன இடம் என்பதால் கூட ஒரு ஆள் இருக்க விட்டார்கள். இரவு 2 மணி இருக்கும், தலைமாட்டில் இருந்த மானிட்டர் அலற ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. சிஸ்டர் நிதானமாக வந்தார், தாத்தாவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரி செய்தார், சத்தம் நின்றது. "ஒண்ணுமில்ல தம்பி, கிளிப் நழுவிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். இந்த முறை கிளிப் சரியாகத்தான் இருந்தது. சிஸ்டர் போனை எடுத்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரிய டாக்டரை எழுப்பினார். "சார், சாச்சுரேஷன் 86, பி.பி. 100க்கு 60, பல்ஸ் 120..." என்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அந்தப் பக்கத்தில் இருந்து ஏதோ சொன்னார்கள், சிஸ்டர் அதைச் செய்தார். தாத்தா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு அன்றைக்கே ஒரு கேள்வி. மானிட்டரில் ஓடுவது வெறும் சிக்னல்தானே? சிஸ்டர் எதற்கு வாயால் படிக்க வேண்டும்? அப்படியே டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன? விடையைத் தேடிப் போனால், இதை ஏற்கனவே 100 வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் நினைத்தது போல அது சிக்னல் பிரச்சினை இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த பாடம். ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன்.

சைக்கிளில் வந்தவரின் இதயம்

முதல் ஆள் நெதர்லாந்தின் லைடன் நகரத்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன். ஈ.சி.ஜி.யில் பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்குப் பெயர் வைத்தவர் இவர்தான். 1924ல் நோபல் பரிசு வாங்கினார். இவருடைய ஈ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கருவி இருந்தது ஆய்வுக்கூடத்தில். நோயாளிகள் இருந்தது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில். 270 கிலோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நோயாளியையும் அலைக்கழிக்க முடியாது. அதனால் டெலிபோன் கம்பி இழுத்தார்கள். 1905 மார்ச் 22 அன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் இதயத்துடிப்பு ஆய்வுக்கூடத்தில் பதிவானது. அவர் நோயாளிகூட இல்லை, நல்ல திடகாத்திரமான மனிதர். அலைகள் உயரமாக வந்ததற்கு, அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்துப் போனதுதான் காரணம் என்று சொன்னார்கள்!

ஆக, "தூரத்தில் இருந்து இதயத்தைப் பார்க்க முடியுமா" என்ற கேள்விக்கு 1905லேயே பதில் கிடைத்துவிட்டது. முடியும். ஆனால் பார்த்த பிறகு என்ன செய்வது? அப்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1500 மாணவர்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் இதில் ஹீரோ நம்மைப் போன்ற காலேஜ் பசங்கள்.

1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரிக்கு உச்ச நாட்களில் தினமும் 50 பேர் வரை வந்தார்கள். பலருக்கு மூச்சுத் தசைகளே செயலிழந்து போயின. அந்தக் காலத்து வென்டிலேட்டர் என்பது "இரும்பு நுரையீரல்" என்ற பெரிய உருளை. அது அவர்களிடம் ஒன்றே ஒன்றும், மார்பில் மாட்டும் வகைக் கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. அவற்றை வைத்துச் சிகிச்சை செய்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துபோனார்கள்.

அப்போது கூப்பிடப்பட்டவர் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷன் தியேட்டரில் செய்வது போலவே, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நேராக நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளலாம் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படிச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள்.

சரி, பையை யார் அமுக்குவது? ஒரு நிமிடம் நிறுத்தினாலும் ஆபத்து. ஒரே நேரத்தில் 70 பேருக்கு அமுக்க வேண்டியிருந்தது. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், இரவு பகலாக அமுக்கினார்கள். மானிட்டர் கிடையாது. நோயாளியின் நிறம், வியர்வை, கண் – இவற்றைப் பார்த்துத்தான் எவ்வளவு அமுக்குவது என்று முடிவு செய்தார்கள். மூச்சுத் தசை செயலிழந்தவர்களின் இறப்பு விகிதம் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது.

அடுத்த வருடம், 1953 டிசம்பரில், அதே நகரத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியில் இப்சன் தனி வார்டு ஒன்று தொடங்கினார். உலகின் முதல் ஐ.சி.யு. என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். என்னைப் பொறுத்தவரை ஐ.சி.யு. என்பது இயந்திரத்தால் பிறந்தது இல்லை. ஒருவர் கூடவே இருந்து, பார்த்து, உடனே கையால் செய்ததால் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மணி அடித்தால் யார் ஓடுவது?

1960களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. அதுவரை அவர்கள் பொது வார்டுகளில் ஆங்காங்கே படுத்திருப்பார்கள். இரவில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனால் காலையில்தான் தெரியும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன், எல்லோரையும் ஒரே இடத்தில் படுக்க வைத்து ஈ.சி.ஜி. மானிட்டரில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று 1961ல் எழுதினார். 1962ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே அப்படி ஒரு பிரிவையே திறந்தார்.

மானிட்டர் வந்துவிட்டது, அலாரமும் வந்துவிட்டது. ஆனால் இதயம் நின்றால் சில நிமிடங்கள்தான் அவகாசம். டாக்டர் ஓடி வருவதற்குள் முடிந்துவிடும். எனவே அதுவரை டாக்டர்கள் மட்டுமே தொட்ட ஷாக் கருவியை இயக்க நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் இதில் முன்னோடி. டாக்டரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் நர்ஸே ஷாக் கொடுக்கலாம் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. கண்டுபிடிப்பு என்று நாம் மானிட்டரைச் சொல்கிறோம். உயிரைக் காப்பாற்றியதில் அந்த அனுமதிக்கும் சம பங்கு உண்டு.

3,84,000 கிலோமீட்டர் தூரத்து நோயாளி

தொலைவில் இருந்து கண்காணிப்பதை உச்சத்துக்குக் கொண்டுபோனது விண்வெளி. விண்வெளி வீரர்களின் இதயத்துடிப்பு ரேடியோ வழியாகப் பூமிக்கு வந்துகொண்டே இருக்கும்.

1971ல் அப்போலோ 15. நிலவில் நடந்து முடித்துத் தாய்க்கலத்துக்குத் திரும்பிய ஜேம்ஸ் இர்வினின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதை ஹூஸ்டனில் இருந்த டாக்டர்கள் திரையில் பார்த்தார்கள். தலைமை மருத்துவர் சார்லஸ் பெர்ரி யோசித்தார். பூமியில் இவர் நோயாளி என்றால் என்ன செய்வோம்? ஆக்ஸிஜன் கொடுப்போம், இதயத்துக்கு வேலையைக் குறைப்போம், தொடர்ந்து மானிட்டரில் பார்ப்போம். விண்கலத்தில் சுவாசிப்பதே முழு ஆக்ஸிஜன். எடையே இல்லை, ஆக வேலையும் குறைவு. மானிட்டரும் ஓடுகிறது. ஒரு விதத்தில் அவர் ஏற்கனவே ஐ.சி.யு.வில்தான் இருக்கிறார்!

துடிப்பு தானாகச் சீரானது. ஆனால் வீரர்களிடம் அப்போது இதைப் பற்றிச் சொல்லவே இல்லை. பார்க்க முடிந்தது, செய்ய ஒன்றும் இல்லை. அடுத்து போன அப்போலோ 16ல் இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்துகளும், பொட்டாசியம் சேர்த்த ஆரஞ்சு ஜூஸும் கொடுத்து அனுப்பினார்கள். தூரத்தில் கண் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் ஒரு மருந்துப் பெட்டியாவது வேண்டும் என்று நாசாவுக்கும் புரிந்தது. இர்வினுக்கு 1973ல் மாரடைப்பு வந்தது.

பால்டிமோரில் 16 வாரங்கள்

மீண்டும் பூமிக்கு வருவோம். 1970களில் கிளீவ்லாந்தில் பெட்டி கிரண்டி என்ற டாக்டரும் குழுவினரும், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியையும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வையும் இருவழித் தொலைக்காட்சியால் இணைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருடம் நடந்தது. போனில் பேசுவதைவிட இது மேல் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் அது பரவலாகவில்லை.

அடுத்த பெரிய முயற்சி 1997ல். இடம் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பிரையன் ரோசன்ஃபெல்ட், மைக்கேல் பிரெஸ்லோ என்ற இரண்டு தீவிர சிகிச்சை நிபுணர்கள். அவர்கள் பார்த்த பிரச்சினை நம் தாத்தா பிரச்சினையேதான். ஐ.சி.யு.வுக்கென்றே படித்த நிபுணர்கள் இருந்தால் இறப்பு குறைகிறது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு, இரவில் இன்னும் குறைவு.

10 படுக்கை கொண்ட ஒரு அறுவை சிகிச்சை ஐ.சி.யு.வை 16 வாரங்களுக்கு நிபுணர்கள் தங்கள் வீட்டில் இருந்தே 24 மணி நேரமும் பார்த்தார்கள். வீட்டில் கேமரா, மானிட்டர், எக்ஸ்ரே பார்க்கும் வசதி எல்லாம் வைத்தார்கள். முடிவு 2000ல் வெளியானது. முந்தைய இரண்டு காலகட்டங்களோடு ஒப்பிட்டால், நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், ஐ.சி.யு. இறப்பு ஒன்றைவிட 68%, மற்றதைவிட 46% குறைவு.

இருவரும் 1998ல் விசிகு என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் உள்ள சென்டாரா ஆஸ்பத்திரிக் குழுமம் 2000ல் முதல் "இ-ஐசியு" மையத்தைத் திறந்தது. பார்ப்பதற்கு விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை மாதிரி இருக்கும். ஒவ்வொருவர் முன்னும் ஐந்தாறு திரைகள். ஒரு டாக்டரும் சில நர்ஸ்களும் பல ஆஸ்பத்திரிகளின் 100 படுக்கைகளைக்கூடப் பார்ப்பார்கள். நோயாளியின் அறையில் கேமரா, மைக், ஸ்பீக்கர். கேமராவைத் திருப்பி, பெரிதாக்கி, கண் பாப்பாவைக்கூடப் பார்க்கலாம். அறையில் இருக்கும் நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தப் பக்கம் டாக்டர் வருவார். 2004ல் சென்டாரா முடிவுகள் வந்தன. ஆஸ்பத்திரி இறப்பு 12.9%ல் இருந்து 9.4% ஆகக் குறைந்திருந்தது. விசிகுவை 2008ல் பிலிப்ஸ் வாங்கியது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

ஒரே கருவி, வேறு வேறு முடிவு

2009 டிசம்பரில் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது. டெக்சாஸ் பக்கம் ஐந்து ஆஸ்பத்திரிகள், ஆறு ஐ.சி.யு.க்கள். அதே மாதிரி திரை, அதே மாதிரி கேமரா. நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் இறப்பு குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. நாட்களும் குறையவில்லை.

ஏன்? அந்த ஆய்விலேயே ஒரு தகவல் இருக்கிறது. நோயாளியின் சொந்த டாக்டர், தொலைவில் இருக்கும் டாக்டருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் டாக்டர்கள் மிகக் குறைந்த அதிகாரத்தையே கொடுத்திருந்தார்கள். அதாவது, "உயிர் போகிற மாதிரி இருந்தால் மட்டும் தலையிடுங்கள், மற்றபடி என் நோயாளி, நான் பார்த்துக்கொள்கிறேன்."

2011ல் அதே ஜாமாவில் இன்னொரு ஆய்வு. மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரம், ஏழு ஐ.சி.யு.க்கள், 6290 நோயாளிகள். ஆஸ்பத்திரி இறப்பு 13.6%ல் இருந்து 11.8%. வென்டிலேட்டரால் வரும் நிமோனியா 13%ல் இருந்து 1.6%! இங்கே தொலைவில் இருந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. தலையிட அதிகாரம் இருந்தது. செய்ய வேண்டிய தடுப்பு வேலைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் நடந்ததா என்று சரிபார்த்து, விட்டுப்போயிருந்தால் கேட்டார்கள்.

2016ல் 132 அமெரிக்க ஆஸ்பத்திரிகளை எடுத்து ஜெரமி கான் குழுவினர் ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பலன் கொஞ்சம்தான். தனித்தனியாகப் பார்த்தால் சுமார் 12% ஆஸ்பத்திரிகளில்தான் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. அதே குழுவினர் பிறகு பத்து இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, பேசி, 2019ல் எழுதினார்கள். வேறுபாட்டுக்குக் காரணம் கருவியை விட மனிதர்கள்தான். நிர்வாகம் எப்படி நடத்துகிறது, படுக்கைப் பக்கத்து நர்ஸும் டாக்டரும் தூரத்தில் இருப்பவரை உதவியாக நினைக்கிறார்களா, வேவு பார்ப்பவராக நினைக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

பிரேசிலில் 30 ஐ.சி.யு.க்களில், 17,024 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2024ல் வந்தது. அங்கே 24 மணி நேரக் கண்காணிப்பு இல்லை, தினமும் ஒருமுறை நிபுணர் வீடியோவில் ரவுண்ட்ஸ் வருவார். ஐ.சி.யு. நாட்கள் குறையவில்லை.

அலாரம் என்ற புலி

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிக்னலை அப்படியே அனுப்பினால் என்ன என்று கேட்டேன் இல்லையா? 2014ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. 77 ஐ.சி.யு. படுக்கைகளில், 31 நாட்களில், மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல் அலாரங்கள். காதில் விழும் அலாரம் மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187. இதயத்துடிப்பு தொடர்பாக அவர்கள் சரிபார்த்த அலாரங்களில் 88.8% பொய்.

புலி வருது கதைதான். இதை அப்படியே டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் முதல் நாளே போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். அதனால்தான் நல்ல மையங்களில் ஒற்றை எண்ணைப் பார்க்காமல், சில மணி நேரத்தில் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று கணினி பார்த்துச் சொல்கிறது. எங்கள் சிஸ்டர் விரல் கிளிப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டதை இத்தனை கணினிகள் சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கின்றன :-)

இரவைப் பகலாக்கியவர்கள்

இரவு 3 மணிக்கு டாக்டரும் மனிதர்தான், தூக்கம் வரும். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் டாக்டர்களையும் நர்ஸ்களையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 2016ல் சிட்னி, 2018ல் பெர்த். அட்லாண்டாவின் கோடைக்காலத்தில் பெர்த்துக்குச் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே பகல் வெளிச்சத்தில் விழிப்பாக உட்கார்ந்து இங்கே நள்ளிரவு நோயாளிகளைப் பார்த்தார்கள். கேட்க எளிது, யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. 2017ல் பெங்களூரில் கிளவுட்ஃபிசிஷியன் நிறுவனம் தொடங்கியது. கொரோனா காலத்தில், 2021ல் தொடங்கிய 10 படுக்கை ஐ.சி.யு. திட்டம் சில மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளைப் பெரிய மருத்துவக் கல்லூரி நிபுணர்களோடு இணைத்தது. நிபுணர்கள் பெருநகரங்களிலும் நோயாளிகள் சிற்றூர்களிலும் இருக்கும் நாட்டில் இது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

என் கேள்விக்கு விடை

சிக்னலை அனுப்பிவிட்டால் போதுமா? போதாது. 1905ல் இருந்தே சிக்னல் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தடுமாறியது எல்லாம் இரண்டு முனைகளிலும் இருந்த மனிதர்களுக்கு நடுவில். தூரத்தில் இருப்பவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் நம்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் தூரத்தில் இருப்பவர் எரிச்சல்படாமல் வர வேண்டும். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எங்கள் சிஸ்டரிடம் இருந்தது ஒரு பழைய போன் மட்டும்தான். ஆனால் நடுராத்திரியில் பெரிய டாக்டரை எழுப்ப அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. டாக்டரும் ஒரே ரிங்கில் எடுத்தார். அந்த இருவருக்கும் நடுவில் இருந்த நம்பிக்கைதான் தாத்தாவைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். கேமரா இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த நம்பிக்கை இல்லாமல் கேமரா மட்டும் இருந்திருந்தால்? டெக்சாஸ் ஆய்வை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

நம் வகுப்பில் பாதிப் பேர் நாளைக்கு இப்படிப்பட்ட கருவிகளைத்தான் செய்யப் போகிறோம். ப்ராஜெக்டில் சென்சாரும் நெட்வொர்க்கும் சரியாக வேலை செய்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த முனையில் இரவு 2 மணிக்கு நிற்கப்போகும் சிஸ்டரிடம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஐ.சி.யு. அனுபவம் இருந்தால், தவறாக எழுதியிருந்தாலும், பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.  அடுத்த பதிவில் சந்திப்போம்!